பெல்லரோபோன் சுமந்து வந்த கடிதம்

ஸாந்தோஸ், லிசியா
அத்தி பழுக்கத் தொடங்கும் மாதம், வளர்பிறை நான்காம் நாள்

என் அன்பு அக்கா அந்தேயாவுக்கு, தங்கை அல்கிமேனி எழுதுவது.

லேத்தோ தாயின் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. திரின்ஸில் நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன ஆறு வருஷத்தில் எனக்கு நாலே கடிதம் போட்டிருக்கிறாய். நாலையும் அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டில் ஒரு வருஷம் தங்கியிருந்த பெல்லரோபோன் இங்கே வந்திருக்கிறார். நீ இப்படி ஒருவர் வருவதாகச் சொல்லவே இல்லையே? கொரிந்துக்காரராம். கை தவறி எறிந்த ஈட்டியால் ஓர் உயிர் போய்விட, ஊரை விட்டு வந்தவர் என்றும், அத்தான்தான் பன்றி ரத்தம் தெளித்துப் பாவம் கழித்தார் என்றும் அவரே சொன்னார்.

வந்தவரிடம் உடனே காரியம் கேட்பது மரியாதை இல்லை என்று அப்பா ஒன்பது நாள் ஒன்பது காளை அறுத்து விருந்து போட்டார். பத்தாம் நாள்தான், "என் மாப்பிள்ளை ஏதாச்சும் குடுத்தனுப்பினாரா தம்பி?" என்று கேட்டார்.

"குடுத்தாருங்க. பாருங்க, முத்திரைகூட உடையாம கொண்டாந்திருக்கேன்" என்று மார்பிலிருந்து மெழுகில் எழுதிய மடிப்புப் பலகையை எடுத்துக் கொடுத்தார். குழந்தை மாதிரி ஒரு பெருமை அந்த முகத்தில்.

அப்பா படித்தார். மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு தட்டிலிருந்த கறியைத் தொடவே இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நம்ம மலையில கிமைரான்னு ஒண்ணு கெடக்கு தம்பி. முன்னால சிங்கம், நடுவுல ஆடு, வால் பாம்பு. வாயத் தொறந்தா நெருப்பு. அதை முடிச்சுக் குடுப்பியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வசந்தத்தில் மட்டும் பதினோரு இடையர்களைத் தின்ற மிருகம் அது. ஒரு விருந்தாளியிடம் கேட்கிற உதவியா இது?

அவர் சிரித்தார். "ஒன்பது நாள் உக்காந்து சாப்பிட்டிருக்கேன். பதிலுக்கு ஏதாவது செய்யணும்ல? பத்து நாள் அவகாசம் குடுங்க."

உன்னைப் பற்றிக் கேட்டேன், அக்கா. "அரசியம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பு வாரை இறுக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

உன் கையெழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
அல்கிமேனி

*

திரின்ஸ்
அதே மாதம், வளர்பிறை பத்தாம் நாள்

தங்கை அல்கிமேனிக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க ஆர்த்தெமிஸை வேண்டுகிறேன். அம்மாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. உனக்குத் தறியில் உட்காரும் வழக்கம் உண்டா, இல்லையா? அடுத்த கப்பலில் எனக்குக் கொஞ்சம் குங்குமப்பூ நிற நூல் அனுப்பு. இங்கே கிடைக்கும் சாயம் இரண்டு துவைப்பில் வெளுத்துவிடுகிறது.

விருந்தாளிகளோடு அதிகம் பேசாதே. நீ இனிச் சின்னப் பெண் இல்லை.

அவன் என்னைப் பற்றி வேறேதும் சொன்னானா?

அந்தேயா

*

ஸாந்தோஸ்
அதே மாதம், முழுநிலவு கழிந்த மறுநாள்

அன்பு அக்காவுக்கு ஆயிரம் முத்தங்கள்.

நாங்கள் சுகம். சுகம் என்று எழுதினால் போதாது, ஊரே கூத்தாடிக்கொண்டிருக்கிறது! கிமைரா செத்துவிட்டது.

நான் கண்ணால் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லாமல் இடைச்சிகளோடு மலைக் கொட்டில் வரைக்கும் போனேன். திட்டாதே.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் துறைமுகத்துக்குப் போய், வலை உலர்த்திக்கொண்டிருந்த மிர்தாலேயிடம் ஈயம் கேட்டிருக்கிறார். மிர்தாலேயை ஞாபகம் இருக்கிறதா? வாய் ஓயாத மீன்காரி. மலைக்கு எங்களோடு வந்த அவள், வழியெல்லாம் அதைத்தான் நடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"வலைக்குக் கட்டுற ஈயத்த வெச்சுக்கிட்டு அந்த மிருகத்தைப் பிடிக்கப் போறியா ராசா? மீனுன்னு நெனச்சுட்டியா?"

"அது வாயத் தொறந்தா நெருப்பு வருதாமே ஆத்தா. நெருப்புல ஈயம் என்னாகும்?"

"உருகும்."

"வாய்க்குள்ள உருகினா எங்க போகும்?"

மிர்தாலே அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தாளாம். "இரு, எம் புருஷன் வலையில இருக்கறதையும் அறுத்துத் தாரேன்" என்றாளாம்.

மலைச்சரிவில் நின்று அவர் சீட்டியடித்தார். வானத்திலிருந்து ஒரு குதிரை வந்தது, அக்கா. வெள்ளைக் குதிரை. இறக்கை விரித்தால் ஒரு படகின் பாய் அளவு இருக்கும். பெயர் பெகாசஸ். கொரிந்தில் ஓர் ஊற்றில் தண்ணீர் குடிக்க வந்ததை, அதீனா தேவி கொடுத்த பொன் கடிவாளத்தால் பழக்கினாராம். இடைச்சிகள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அவரோ அதன் கழுத்தைத் தட்டி, "இவ்வளவு நாள் எங்கடா போன?" என்று திட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தது கண் இமைப்பதற்குள். மிருகம் பாறையிலிருந்து எழுந்தது. முதல் மூச்சிலேயே சரிவில் இருந்த மரமெல்லாம் பற்றிக்கொண்டது. புகைக்கு மேலே வட்டமடித்தவர், அது இரண்டாம் முறை வாயைத் திறந்தபோது தலைகீழாகப் பாய்ந்தார். ஈட்டி முனையில் கட்டியிருந்த ஈயக் கட்டி நேரே தொண்டைக்குள் இறங்கியது. தன் நெருப்பாலேயே அது வெந்து செத்தது. அந்தக் கடைசி அலறலில் எங்கள் கையிலிருந்த பால்குடம் விரிசல் விட்டது.

புருவம் கருகி, முகமெல்லாம் கரியோடு அவர் இறங்கி வந்தார். "தண்ணி இருக்கா?" என்றார். பால்தான் கொடுத்தேன், உடைந்த குடத்தில் மிச்சம் இருந்ததை.

பிறந்தது முதல் மலைக்குப் பயந்தே வாழ்ந்தவர்கள் நாம். இன்று ஆடுகள் உச்சி வரைக்கும் மேய்கின்றன. ஆனால் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரியுமா?

நூல் அனுப்பியிருக்கிறேன். உன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அல்கிமேனி

*

ஸாந்தோஸ்
திராட்சை மிதிக்கும் மாதம், வளர்பிறை

அக்கா, நலமா?

இரண்டு கப்பல் வந்தது. உன் பதில் வரவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லையே?

கிமைராவைக் கொன்றவருக்கு அப்பா என்ன பரிசு கொடுத்தார் தெரியுமா? சொலிமர் கூட்டத்தோடு சண்டைக்கு அனுப்பினார். தாத்தா காலத்திலிருந்து யாரும் ஜெயிக்காத மலைக்காரர்கள். துணைக்கு ஓர் ஆள்கூடத் தரவில்லை. குதிரையில் போனார், கல்மழை பொழிந்து விரட்டினார், வந்துவிட்டார். தோளில் ஒரு வெட்டு. கட்டுப் போடும்போது, "இதுவரைக்கும் நான் பாத்த சண்டையிலேயே பெரிய சண்டை" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்! காயம் ஆறுவதற்குள் வில்லெடுத்துப் போராடும் அமேசான் பெண்களை எதிர்க்க அனுப்பினார் அப்பா. அங்கேயும் வெற்றிதான்.

பொறுக்க முடியாமல் அப்பாவிடம் கேட்டேன். "அத்தான் கடுதாசியில என்னதாம்பா எழுதியிருக்கு?"

"அது உனக்குத் தேவையில்லாத விஷயம்மா."

"அவரைக் கொல்லணும்னா நேரா கொல்ல வேண்டியதுதானே?"

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு அந்தக் கையாலேயே தன் கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம வீட்டு ரொட்டியத் தின்னவனம்மா அவன்" என்றார்.

சீக்கிரம் எழுது.

அல்கிமேனி

*

திரின்ஸ்
அதே மாதம், தேய்பிறை ஐந்தாம் நாள்

தங்கைக்கு,

நலம். நூல் வந்தது, நல்ல நிறம். அதை இன்னும் தறியில் ஏற்றவில்லை.

இங்கே வெயில் கொடுமை. லிசியாவிலிருந்து போன ஒற்றைக்கண் ராட்சதர்கள் கட்டிய மதிலாம் இது. ஒவ்வொரு கல்லும் ஒரு வீட்டளவு. பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு இரவில் கக்குகிறது. உன் அத்தான் என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. லிசியாவிலிருந்து கப்பல் வந்தால் மட்டும் எழுந்து துறைக்குப் போகிறார். செத்தானா என்று விசாரிக்கத்தான். வெறுங்கையோடு திரும்பி வருகிறார்.

அந்த ஆளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அல்கிமேனி, உன்னை எனக்குத் தெரியும். மனதைப் பறிகொடுத்துவிடாதே. பெண்ணிடம் அத்துமீறினான் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது லேசில் போகாது.

தோளில் வெட்டு ஆழமா?

அந்தேயா

*

ஸாந்தோஸ்
மேற்படி மாதம், அமாவாசை

அக்கா,

உன் கடிதம் கொண்டுவந்த மாலுமி இன்றே திரும்புகிறான். அதனால் நலம் விசாரிக்க நேரம் இல்லை. ஒரே ஒரு கேள்வி.

அத்தான் எழுதியதை அப்பா யாரிடமும் காட்டவில்லை. பெல்லரோபோன் அத்துமீறியதாக இங்கே ஒரு பேச்சும் இல்லை. உனக்கு அது எங்கிருந்து தெரியும்?

அல்கிமேனி

*

ஸாந்தோஸ்
முதல் உழவு மாதம். ஆண்டின் கடைசிக் கப்பல்

அன்பு அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. இனி வசந்தம் வரை கடலில் பாய் விரிக்க மாட்டார்கள். அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பெகாசஸ் வழக்கம்போல் எங்கோ பறந்துவிட, அமேசான் நாட்டு எல்லையிலிருந்து அவர் கால்நடையாக வரும் வழியில், அப்பா நம் ஊரின் சிறந்த வீரர்களை மறைவில் நிறுத்தினார். போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அவர் திரும்பினார். ஆனால் கோட்டைக்கு வரவில்லை. நேரே கடற்கரைக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். கடலரசன் பொசைடன் தேவனிடம் அவர் கத்தியது மதில்மேல் நின்ற எனக்கே கேட்டது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்? சொன்ன வேலை எல்லாத்தையும் செஞ்சேனே! எதுக்கு இவங்க என்னைக் கொல்லப் பாக்குறாங்க?"

திரும்பி ஊரைப் பார்த்து நடந்தார். கடல் அவர் பின்னாலேயே எழுந்து வந்தது. நாய்க்குட்டி மாதிரி, குதிகாலை ஒட்டியே வந்தது. வயல் முழுகியது, களம் முழுகியது. ஊர் ஆண்கள் ஓடிப்போய் காலில் விழுந்தார்கள். அப்பா மகுடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.

அப்போது மிர்தாலே, "ஆம்பளைங்க கெஞ்சினது போதும். வாங்கடி!" என்று கிளம்பினாள். முப்பது நாற்பது பெண்கள். நானும்தான், அக்கா. அவருக்கு எதிரே வரிசையாகப் போய் நின்றோம்.

"எங்க மலையக் காப்பாத்தின ராசா, எங்க வீட்டை முழுகடிக்கப் போறியா? உனக்கு என்ன வேணும்? நாங்கதான் வேணும்னா எடுத்துக்க. புள்ளைங்கள விட்டுரு!" என்று சொல்லிவிட்டு மிர்தாலே தன் பாவாடையை இடுப்புக்கு மேல் தூக்கினாள். "தூக்குங்கடி எல்லாரும்!"

தூக்கினோம்.

சிங்கத்தின் வாய்க்கு நேரே பாய்ந்தவர் அல்லவா? எங்களைப் பார்த்ததும் காது மடல் வரைக்கும் சிவந்து போனார். "ஐயோ, ஆத்தா... விடுங்க... கீழ விடுங்க" என்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தார். கல் தடுக்கி ஒரு தடவை விழுந்தும்கூடக் கையை எடுக்கவில்லை. அவர் பின்வாங்கப் பின்வாங்கக் கடலும் பின்வாங்கியது. கரை வரைக்கும் அவரை ஓட ஓட விரட்டினாள் மிர்தாலே. ஆண்கள் தோற்ற இடத்தில் நாங்கள் ஜெயித்தோம். உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். கடற்கரைக்கு வந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்படி வெக்கப்படுறவனா அதைச் செஞ்சிருப்பான்?" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு மடியிலிருந்து அந்தப் பலகையை எடுத்து நீட்டினார்.

நானும் படித்தேன். அத்தானின் எழுத்து. "இதைக் கொண்டுவருபவன் உங்கள் மகளைக் கெடுக்க முயன்றவன். அவளே அழுதபடி சொன்னாள். என் உப்பைத் தின்றவனை என் கையால் கொல்லக்கூடாது. நீங்கள் கொன்றுவிடுங்கள்."

அவர் மூன்று முறை படித்தார். "இதையா நான் நனையாம மார்ல வெச்சுக் கொண்டாந்தேன்?" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இது நெசமா தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"இல்லைங்க."

"அப்ப என்னதான் நடந்துச்சு?"

"அத நான் சொல்ல மாட்டேங்க. ஒரு பொம்பளையோட பேச்சு அது. அவங்கதான் சொல்லணும்."

அப்பா ஊர் நடுவே அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மறைவில் நின்று மாண்டவர்களின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், "பழி என்னோடது, அவனோடது இல்லை" என்று தலைகுனிந்தார். பாதி நாட்டையும் என்னையும் அவருக்குத் தருவதாகச் சொன்னார். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் ஒப்பவில்லை. கடிதத்தில் யாரைச் சொல்லியிருக்கிறதோ அவளே பொய் என்று சொல்லட்டும், அதுவரை நிலமும் இல்லை, பெண்ணும் இல்லை என்று எழுந்துவிட்டார்கள். அவரும் அதற்குச் சம்மதித்துவிட்டார். "பழியோட நிக்கிறவனுக்குக் கல்யாணம் எதுக்கு? வசந்தத்துக்குள்ள பதில் வரலேன்னா கெளம்புறேன்" என்கிறார்.

அக்கா, எனக்கு அவர் வேண்டும். ஆனால் இந்தத் தடவை நான் உன்னைக் கேள்வி கேட்கவில்லை. உண்மையை எழுதினால் அந்த மதிலுக்குள் உனக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நீ எது எழுதினாலும் எழுதாவிட்டாலும் நீ என் அக்கா.

குளிர் தொடங்கிவிட்டது. போர்த்திக்கொண்டு தூங்கு.

அல்கிமேனி

*

திரின்ஸ்
வசந்தத்தின் முதல் கப்பல்

அல்கிமேனிக்கும் அப்பாவுக்கும் ஸாந்தோஸ் பெரியவர்களுக்கும், இயோபாத்தஸ் மகள் அந்தேயா எழுதுவது. இதைச் சபையில் உரக்கப் படியுங்கள்.

பெல்லரோபோன் என்னைத் தொடவில்லை. நான்தான் அவனை விரும்பினேன். நான்தான் அவனிடம் போனேன். "உங்க புருஷன் என் பாவத்தைக் கழுவினவரும்மா. போய்ப் படுங்க" என்றான். கோபம்கூட இல்லை அவன் குரலில். அதுதான் என்னைச் சுட்டது. விடிந்தால் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். அவன் முந்திக்கொள்ளும் முன் நான் முந்திக்கொண்டேன். ஒரு வார்த்தை சொன்னேன். மிச்சத்தை மற்றவர்கள் செய்தார்கள்.

இதுவரை சபைக்கு. இனி உனக்கு மட்டும், அல்கிமேனி.

குளிர்காலம் முழுக்க உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அவங்கதான் சொல்லணும்" என்றானா? அத்தனை ஈட்டிகளைத் தாண்டி வந்த பிறகும்? ஒருமுறையாவது அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.

நேற்றுக் காலை, உன் அத்தானின் வீரர்கள் எல்லோரும் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தபோது, நடுவே போய் நின்று சொன்னேன். கத்தி உருவுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"நீ சொன்னது பொய். சரி. நான் செஞ்சது என்ன? என் கையில ரத்தம் படக்கூடாதுன்னு, ஒரு அப்பாவி கையிலேயே அவன் சாவக் குடுத்து அனுப்பினேன். உன்னைக் கொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றார். பிறகு, "உங்க அப்பா வீட்டுக்குப் போயிரு" என்றார்.

அழவில்லை நான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு அடுத்த கப்பலில் வருகிறேன். ரோட்ஸ் தீவில் இறங்கி, அப்பாவின் பதிலுக்காகக் காத்திருப்பேன். வர வேண்டாம் என்றால் அங்கேயே ஏதாவது ஒரு கோயிலில் நூல் நூற்றுப் பிழைத்துக்கொள்வேன். நீ அவனைக் கட்டிக்கொள். தயங்காதே.

அந்தேயா

*

ஸாந்தோஸ்
ரோஜா மாதம், வளர்பிறை ஏழாம் நாள்
ரோட்ஸ் துறையில் காத்திருக்கும் அக்காவுக்கு

அக்கா, என் தங்கமே, கடல் பயணம் ஒத்துக்கொண்டதா? வாந்தி எடுத்தாயா? சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைச் சபையில் நானே படித்தேன். முடித்ததும், அவரை எதிர்த்த பெரியவர்களே எழுந்து கோல்களால் தரையைத் தட்டினார்கள். தட்டத் தட்ட மண்டபமே அதிர்ந்தது. ஆற்றோரம் உள்ள உழவு நிலமும் திராட்சைத் தோட்டமும், லிசியாவிலேயே சிறந்த மண், அவருக்கு அளந்து கொடுத்தாகிவிட்டது.

இன்னொரு சேதி. கடலைத் திருப்பி அனுப்பியது பெண்கள்தானே என்று மிர்தாலே சபை வாசலில் நின்று சண்டை பிடித்தாள். இனி ஸாந்தோஸ் பிள்ளைகளுக்குத் தாய் பேரே முதல் பேர் என்று தீர்ப்பாகிவிட்டது. அவள் மகன்கள் நாலு பேரும் "மிர்தாலே மகன்" என்று மார்தட்டிக்கொண்டு திரிகிறார்கள். "எம் புருஷன் பேரு இனிமே எனக்கே மறந்துரும்" என்கிறாள்.

கல்யாணம் நடந்து ஆறு நாள் ஆகிறது. உனக்காகக் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். அம்மாதான், நல்ல நாள் தவறக்கூடாது என்றாள். முழங்கால் வலியோடு அவளே ஆடினாள்! ஊரெல்லாம் மூன்று நாள் பாட்டு. பெகாசஸ் மேல் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். கீழே மலை, ஆறு, நம் வீட்டுக் கூரை எல்லாம் உள்ளங்கை அளவு. இறங்கலாம் என்றால், "இன்னும் கொஞ்சம் மேல போவோமே" என்கிறார். எனக்கு அது ஒன்றுதான் பயம்.

இப்போது அப்பாவின் பதில். பூசி மெழுகாமல் சொல்கிறேன். உன்னை வரச் சொல்லிவிட்டார். உன் அறையைக் கழுவச் சொன்னார். ஆனால் துறைமுகத்துக்கு வரமாட்டேன் என்கிறார். மறைவில் மாண்ட அத்தனை பேரின் முகமும் உன் முகத்தில் தெரியுமாம். அவருக்கு நாள் பிடிக்கும். அம்மாவால் துறைப் படிகளில் இறங்க முடியாது. ஊர்ப் பெண்கள் வந்தாலும் வேடிக்கை பார்க்கத்தான் வருவார்கள்.

நேற்று இவர் தோட்டத்தில் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். "அக்கா கப்பல் என்னிக்கு?" என்று கேட்டார். ரோட்ஸ் கப்பல் முழுநிலவுக்கு முந்தின நாள் வரும் என்றேன்.

"நான் போறேன்."

"நீங்களா?"

"அந்தத் துறையில கல்லெல்லாம் வழுக்கும். எறங்கும்போது யாராவது கை குடுக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்பை எடுத்தார்.

நானும் கூட வருவேன். புறப்பட்டு வா, அக்கா.

அல்கிமேனி